செல்போனில் மாணவப் படம்: எந்த ஆட்டோவை அணைப்பது, எதை விட்டுவைப்பது?

ஏப்ரல் 4, கேள்வி

அக்கா, மதுரையில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டருக்குப் பத்து நிமிடப் படம் ஒன்று கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் எல்லோரிடமும் இருப்பது செல்போன்தான். "செல்போனில் எடுத்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும், சினிமா கேமராவை வாடகைக்கு எடுங்கள்" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கையில் இருக்கிற பணம் அந்த வாடகைக்கே சரியாகிவிடும். என்ன செய்யலாம்?

ஏப்ரல் 4, இரவு

வாடகைக்கு எடுக்காதீர்கள் தம்பி. செல்போன் படம் என்று பார்த்ததும் தெரிவதற்குப் பெரிய காரணம் ஆட்டோதான், அதாவது வெளிச்சம், நிறம், ஒலி எல்லாவற்றையும் போன் தானாகவே மாற்றிக்கொள்வது. ஆள் கொஞ்சம் நகர்ந்ததும் வெளிச்சம் தானாக ஏறி இறங்கும். ஒரு ஷாட் நீலமாக இருக்கும், அடுத்தது மஞ்சளாக இருக்கும். பேச்சு நின்றதும் பின்னணி இரைச்சல் பொங்கி வரும். எல்லாமே போன் நம்மைக் கேட்காமல் எடுக்கும் முடிவுகள். அவற்றை ஒவ்வொன்றாக உங்கள் கைக்குக் கொண்டுவரக் கற்றுக்கொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது. சினிமா கேமரா எடுத்தாலும் அதே முடிவுகளை நீங்கள்தான் எடுத்தாக வேண்டும். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியாது.

இருக்கிற பணத்தில் முதலில் மைக் வாங்குங்கள். அடுத்தது டிரைபாட். கேமராவைப் பற்றிய யோசனை அதற்கப்புறம்.

ஏப்ரல் 5

எங்கள் கடைசி வருடப் படத்தை வலையங்குளம் பக்கம் பெரியம்மாவின் மல்லிகைத் தோட்டத்தில் எடுத்தோம். விடியுமுன் பூப்பறிக்க வரும் பெண்களைப் பற்றிய படம். கேமரா என் தோழியின் செல்போன். நான் டைரக்‌ஷன், எடிட்டிங். சவுண்ட் பார்த்தவன் எங்கள் வகுப்பிலேயே அதிகம் பேசாதவன். இனி நான் சொல்வதெல்லாம் அந்தத் தோட்டத்தில் கற்றது.

முதலில் ஆப். போனோடு வரும் கேமரா ஆப்பில் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது), ஐஎஸ்ஓ (விழுந்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது), ஒயிட் பேலன்ஸ் (எந்த நிறத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது) மூன்றையும் வீடியோவுக்குப் பூட்ட, அதாவது மாறாமல் நிறுத்திவைக்க, முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் ஆண்ட்ராய்டுக்கு ஓப்பன் கேமரா இருக்கிறது, இலவசம். பிளாக்மேஜிக் கேமரா என்ற ஆப்பும் இலவசம்தான். 2023இல் ஐபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஏறாது. எந்த ஆப்பாக இருந்தாலும் உங்கள் போன் அனுமதிக்கிற அளவுக்குத்தான் கட்டுப்பாடு கிடைக்கும். ஷூட்டிங்குக்கு முன்பே வீட்டில் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஏப்ரல் 5, இன்னும் கொஞ்சம்

ஷட்டர். ஒரு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம், எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி. ஃபிரேம் ரேட்டின் இரண்டு மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கை அசையும்போது ஃபிரேமில் எவ்வளவு கலங்கல் விழ வேண்டும் என்பதை ஷட்டர்தான் முடிவு செய்கிறது. சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய கலங்கல் இந்த அளவில் கிடைக்கும். ஆட்டோவில் விட்டால் வெயிலில் போன் 1/1000, 1/2000 என்று போய்விடும். அப்போது நடப்பவரின் கால் வெட்டி வெட்டி நகரும்.

வெயிலில் 1/50 வைத்தால் எல்லாம் வெளுத்துப் போகிறதே என்பீர்கள். ஆமாம். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையை, மாற்ற முடியாது, f/1.8 அளவில் திறந்தபடியே இருக்கும். ஐஎஸ்ஓவை 50 வரை இறக்கினாலும் மதுரை உச்சி வெயிலில் ஏறத்தாழ ஆறு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). அந்த ஆறு ஸ்டாப்பைக் குறைக்க லென்ஸ் மேல் கிளிப்பில் மாட்டும் என்.டி. 64 ஃபில்டர் வேண்டும், வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது. வாங்க முடியாவிட்டால் மதிய வெயிலில் ஆள் நடக்கிற ஷாட்டே வைக்காதீர்கள். நாங்கள் வாங்கவில்லை. எங்கள் கதை இருட்டில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

ஏப்ரல் 9

ஹாஸ்டல் ரூமில் டியூப் லைட் கீழே எடுத்தால் ஃபிரேமில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஷட்டர் 1/60 என்று வைத்திருக்கிறீர்கள், அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்து. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50. சோக் போட்ட டியூப் லைட் இங்கே நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு முழுத் துடிப்பு, 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு, கணக்கு சரியாகிவிடும். 1/60இல் ஒரு துடிப்பு முழுசாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் விழும். அந்த அரைகுறைதான் பட்டை.

இதில் எங்களைத் திணறவைத்தது வேறொன்று. பூப்பறிக்கும் பெண்கள் தலையில் டார்ச் கட்டியிருப்பார்கள். அது பேட்டரியில் எரிவது, 50 ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஷட்டர் 1/50இல் இருந்தும் ஒரு டார்ச்சில் மட்டும் பட்டை. கேமரா பிடித்த தோழி ஷட்டரை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள், போகவில்லை. அந்த டார்ச்சைக் கட்டியிருந்த பெண் தற்செயலாக அதன் பட்டனை அழுத்தி முழு வெளிச்சத்துக்கு மாற்றினார், பட்டை மறைந்துவிட்டது. மங்கலான வெளிச்சத்துக்கு மாற்றும்போது பல எல்.இ.டி. டார்ச்சுகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்துத்தான் மங்கலாகக் காட்டுகின்றன. முழு வெளிச்சத்தில் பெரும்பாலும் அந்தத் துடிப்பு இருப்பதில்லை. எல்லா டார்ச்சையும் முழுசாக எரியவிட்டுவிட்டு ஐஎஸ்ஓவை இறக்கிக்கொண்டோம்.

ஏப்ரல் 10

வெள்ளைப் பூவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சுற்றிலும் இருட்டு. ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும். டார்ச் படுகிற இடத்தில் மல்லிகை மொட்டு வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். இதழ் இல்லை, காம்பின் பச்சை இல்லை. அப்படி வெளுத்துப் போன இடத்தை எடிட்டிங்கில் எவ்வளவு இறக்கினாலும் சாம்பல்தான் வரும், இதழ் வராது. இருண்ட இடத்தைத் தூக்கினால் நாய்ஸோடாவது (பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகள்) ஏதாவது வரும்.

சீப்ரா என்று ஒரு வசதி, நான் சொன்ன இரண்டு ஆப்பிலும் உண்டு. அளவு மீறி வெளுக்கும் இடத்தில் திரையில் கோடு கோடாகக் காட்டும். பெரியம்மா இடுப்பில் கட்டிய மடித்துணிக்குள் பூ விழ விழ அந்தக் கோடுகள் ஊர்ந்தன. தோழி ஐஎஸ்ஓவை இறக்க இறக்கக் கோடு சுருங்கியது. கடைசியில் ஒன்றிரண்டு மொட்டின் நுனியில் மட்டும் நின்றது. அங்கே எக்ஸ்போஷரைப் பூட்டினோம். அந்த அளவில் முகங்கள் இருட்டுக்குள் போய்விட்டன. முகத்துக்கு வெளிச்சம் எங்கே தேடுவது? ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய தெர்மாகோல் அட்டையைச் செடி உயரத்துக்குச் சாய்த்துப் பிடித்தோம். அவர்களின் டார்ச் வெளிச்சமே அதில் பட்டுத் திரும்பி அவர்கள் கன்னத்தில் விழுந்தது. பெரிய படங்களிலும் தெர்மாகோல் பவுன்ஸ் இல்லாத செட் குறைவு.

அந்த ஷாட்டில் பெரியம்மாவின் விரல் ஒரே நேரத்தில் மூன்று மொட்டைக் கிள்ளுவதும் காம்பு பச்சையாகத் தெரிவதும் இன்றைக்கும் எனக்குப் பெருமை.

ஏப்ரல் 10, அப்புறம்

கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது, பற்றி ஒன்று. மல்லிகையை மொட்டாகத்தான் பறிப்பார்கள், அன்று சாயங்காலம் மலரப் போகிற மொட்டு அது. காலையில் விட்டுப்போன குளோசப்பைச் சாயங்காலம் லைட் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள், செடியில் மிச்சம் இருக்கிற பூ விரிந்திருக்கும். ஊரில் படம் பார்க்கிற யாரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் கதையில் பூ இல்லாமல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த வேலை செய்பவரிடம் "இது எத்தனை மணிக்கு எப்படி மாறும்" என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டுதான் ஷாட் பிரிக்க வேண்டும்.

ஏப்ரல் 14

ஒயிட் பேலன்ஸ். விடிகிற நேரத்தில் வானத்தின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆட்டோ அதைத் துரத்தித் துரத்தி எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கப் பார்க்கும். இரண்டு ஷாட்டை ஒட்டினால் நிறம் குதிக்கும். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில், அதாவது பகல் வெளிச்சத்துக்கான எண்ணில், பூட்டிவிடுங்கள். சூரியன் வருமுன் நீலமாக வரும், வந்ததும் பொன்னிறமாகும், ஏற ஏற இயல்பாகும். விடியல் நம் கண்ணில் அப்படித்தானே இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் குறைச்சலை டி.ஐ.யில் (எடிட்டிங்குக்குப் பிறகு நிறம் சரிசெய்யும் வேலை) பார்த்துக்கொள்ளலாம். ஒரே சீனுக்குள் மட்டும் எண்ணை மாற்றாதீர்கள்.

ஏப்ரல் 19

24 ஃபிரேமா 25 ஃபிரேமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நான் 25 என்று எழுதியதால் அதுதான் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது சவுண்டுக்கு ஒரே சீரான வேகம் வேண்டும் என்பதால் சினிமாவில் 24 நிலைத்தது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள நாடுகளில் டி.வி. 25ஐ எடுத்துக்கொண்டது. தியேட்டரிலோ விழாவிலோ திரையிடும் எண்ணம் இருந்தால் 24 வசதி. அப்போதும் ஷட்டரை 1/50இலேயே வைக்கலாம். 1/48க்கும் 1/50க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டியூப் லைட் பட்டையும் வராது. எதை எடுத்தாலும் குழுவில் உள்ள எல்லாப் போனிலும் ஒரே எண். ஒருவர் 30இல் எடுத்துவிட்டு வந்தால் எடிட்டிங்கில் அந்த ஷாட்டுகள் திக்கித் திக்கி ஓடும்.

ஏப்ரல் 26

சவுண்ட். இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி, நீளமாக எழுதப் போகிறேன்.

நம் ஊர்ப் படங்களில் ஷூட்டிங்கில் அடையாளத்துக்கு மட்டும் பேச்சைப் பதிவு செய்துகொண்டு (பைலட் ட்ராக்) ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவது நெடுநாள் வழக்கம். நடிகர்களை வைத்து எடுத்தால் நீங்களும் செய்யலாம். பூப்பறிக்கும் பெண்கள் நடிகர்கள் இல்லை. இருட்டுக்குள் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் குரல் கொடுத்துப் பேசிக்கொண்டே பறிப்பார்கள். நேற்றுச் சந்தையில் என்ன விலை, யார் வீட்டில் விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா. அந்தப் பேச்சை ஸ்டுடியோவில் திரும்பப் பேசவைத்தால் செத்துப்போகும். அதனால் லைவ் சவுண்ட் என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

பேசுபவரின் சேலையில் சின்ன லேப்பல் மைக், உடையில் மாட்டுவது. அதன் வயர் போவது இடுப்பில் செருகிய இன்னொரு போனுக்கு, அதில் ரெக்கார்டர் ஆப். டபிள்யூ.ஏ.வி. ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவுக்கு 48தான் வழக்கம், 44.1 பாட்டு சி.டி.க்கு உரியது. ஆட்டோ கெய்ன் (பதிவின் வால்யூமைத் தானாக ஏற்றி இறக்குவது) இருந்தால் அணைத்துவிடுங்கள். எல்லா ஆட்டோவிலும் மோசமானது அதுதான். பேச்சு நின்றதும் அது வால்யூமை ஏற்றும், சில்வண்டுச் சத்தம் மெல்ல மெல்ல மேலே வரும், அடுத்த வார்த்தை வந்ததும் சட்டென்று விழும். அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. பேச்சின் உச்சம் ஆப்பில் தெரியும் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி கையால் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். யாராவது சத்தமாகச் சிரித்தால் கிழியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கேமராவுக்கான மைக், மூன்று இருந்தால் போனுக்கானது. இரண்டு வளையப் பிளக்கை நேராகப் போனில் செருகினால் போன் அதை மைக்காகவே எடுத்துக்கொள்ளாது. தன் சொந்த மைக்கிலேயே ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. மைக் முனையை விரலால் தட்டி ஹெட்போனில் கேட்டால் தெரிந்துவிடும். அதற்கான கன்வெர்ட்டர் டவுன் ஹால் ரோடு பக்கம் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். புதுப் போனில் அந்தத் துளையே இல்லை என்றால் டைப்-சி மைக்காக வாங்கிவிடுங்கள்.

சிந்தெடிக் சேலை சரசரக்கும். பருத்திச் சேலை பரவாயில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரியால் மைக்கைச் சேலையின் உள்பக்கம் இரண்டு மடிப்புக்கு நடுவே ஒட்டினால் உரசல் குறையும். தாலிச் சங்கிலி மைக்கில் படாத இடமாகப் பாருங்கள். இதைக் குழுவில் உள்ள பெண்தான் செய்ய வேண்டும், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

ரெக்கார்ட் செய்கிற போனும் படம் எடுக்கிற போனும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். கால் வந்தால் ஷாட் போய்விடும். மைக் வயரில் டர்ர்ர் என்று வரும் சிக்னல் இரைச்சலும் நிற்கும்.

காற்றுக்கு மைக் முனையில் முடி வைத்த உறை. மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பில் மாட்டியிருந்த பெரிய உறையைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "ஏன்டி, அணிலையா குச்சியில கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் எங்கள் குழுவில் அதன் பெயர் அணில்தான். "அணில எடுத்தாச்சா?" என்றால் மைக் ரெடியா என்று பொருள்.

ஏப்ரல் 27

நேற்று விட்டுப்போனது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுங்கள். ரூம் டோன் என்பார்கள், தோட்டமானாலும் பெயர் அதுதான். இரண்டு பேச்சுக்கு நடுவே வெட்டிய இடத்தில் சத்தம் இல்லாவிட்டால் காது அடைத்ததாகத் தோன்றும், அங்கே இதை நிரப்ப வேண்டும். எங்களுக்கு விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால் விமானம் இறங்கும்போதெல்லாம் சவுண்ட் பார்த்தவன் கையைத் தூக்குவான், எல்லோரும் நிற்போம். விமானங்கள் வரும் நேரத்தை அவன் முன்பே பார்த்து எழுதி வைத்திருந்தான். டைரக்டராகிய நான் சொல்லி நின்றதைவிட அவன் கைக்கு நின்றதுதான் அதிகம், அது சரியும்கூட.

சித்திரைத் திருவிழா சமயத்தில் லைவ் சவுண்ட் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும்வரை ஊர் முழுக்க ரேடியோ செட்தான், ஒலிபெருக்கிப் பாட்டு. அந்தச் சத்தமே உங்கள் கதைக்கு வேண்டும் என்றால் அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

ஏப்ரல் 27, இரவு

படம் ஒரு போனில், சவுண்ட் இன்னொரு போனில். எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒரு தட்டல் வேண்டும். கிளாப் போர்டு இல்லை என்றால் கையைத் தட்டுங்கள். ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, கை ஃபிரேமில் தெரியும்படி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பதினான்கு மீட்டர் தள்ளி நின்று தட்டினால் 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் பிந்திவிடும்.

மே 3

டிரோன் ஷாட் வேண்டும் என்கிறீர்கள். ஆசை புரிகிறது. 2021 டிரோன் விதிகளைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் போகக் கூடாது. 250 கிராமுக்குள் இருக்கும் சின்ன டிரோனுக்குச் சில சலுகைகள் உண்டு, இந்த எல்லைக்கு இல்லை. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் தோட்டம் விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அந்த யோசனையையே விட்டோம். மோட்டார் ரூம் மொட்டை மாடியில் டிரைபாட் வைத்து எடுத்த ஷாட்டில் டார்ச்சுகள் பாத்தி பாத்தியாக நகர்வது தெரிந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மே 8

எல்லா ஆட்டோவையும் அணை என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றை விலக்க வேண்டும். ஆள் கேமராவை நோக்கி நடந்து வரும் ஷாட்டில் ஆட்டோ ஃபோகஸை விட்டுவையுங்கள். பெரிய செட்டில் அதற்கென்றே ஃபோகஸ் புல்லர் இருப்பார். போன் திரையில் விரலை இழுத்து அந்த வேலையைச் செய்வது கடினம், முகத்தைத் தொடரும் வசதி அதைவிட நன்றாகவே செய்கிறது. ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் முன்னால் ஒரு கை குறுக்கே போனதும் ஃபோகஸ் அதன் பின்னால் ஓடிவிடும்.

ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைப் போன் சமன்செய்வது): டிரைபாடில் இருந்தால் அணையுங்கள். இருட்டில் கையில் பிடித்தாலும் அணையுங்கள், இல்லாவிட்டால் கலங்கலும் நடுக்கமும் சேர்ந்து அசிங்கமாக இருக்கும். பகலில் கையில் பிடித்தால் இருக்கட்டும்.

மே 8

வெயிலில் போன் சூடாகி ரெக்கார்டிங் நின்றுபோவதற்கு: உறையைக் கழற்றுங்கள், குடை பிடியுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், லென்ஸுக்குள் ஈரம் கட்டும்.

மே 15

எடிட்டிங்குக்கு வந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஒரு நீளமான பேட்டியில் போகப் போக உதடும் பேச்சும் விலகுகிறது என்றால் காரணம் போன்தான். பல போன்கள் நொடிக்கு 25 என்று சொல்லிவிட்டு இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து எடுக்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோடு வேரியபிள் என்று காட்டும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு கான்ஸ்டன்ட் (மாறாத வேகம்) என்று மாற்றிக்கொண்டு, அந்த ஃபைலை வைத்து எடிட் செய்யுங்கள். சின்னச் சின்ன ஷாட்டுகளில் இந்த விலகல் தெரியாது. எங்களுக்கும் பெரியம்மாவின் பேட்டியில்தான் தெரிந்தது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். லேப்டாப் திணறினால் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் சின்ன அளவுப் பிரதி, உருவாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 ஃபைலை (பல போன்கள் வீடியோவைச் சேமிக்கும் வடிவம்) திறக்காது, முன்பே வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு டிஸ்கில் காப்பி எடுத்து, இரண்டிலும் ஃபைலைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும். எங்கள் குழுவில் அழிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

மே 29

நாளைக்குத் திரையிடல் என்றால் இன்றைக்கே அந்த ஹாலுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். புரொஜெக்டரில் இருட்டுக் காட்சிகள் லேப்டாப்பில் தெரிந்ததைவிட மங்கலாகத் தெரியும். எங்கள் தோட்டம் முதலில் வெறும் கறுப்பாக இருந்தது, அன்று ராத்திரியே மிட்டோனை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள நிறங்கள்) தூக்கித் திரும்ப எக்ஸ்போர்ட் எடுத்தோம். பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று ஒருவர் அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். பென் டிரைவ் எஃப்.ஏ.டி. 32இல் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். ஹாலில் உள்ள கம்ப்யூட்டர் அதைப் படிக்கிறதா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சவுண்ட் பார்த்தவரின் பெயரை டைட்டிலில் கேமராவுக்குச் சமமான எழுத்தில் போடுங்கள்.